பொட்டு விழாத தட்டு: ஓட்டையைப் போட்டது யார்?

“மிஸ், ஒண்டும் விழல்ல.”

தட்டைக் கவிழ்த்து வெளிச்சத்துக்குப் பிடித்தபடி யாராவது வந்து நின்றால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “எது விழல்ல?” புல் விழவில்லையா, பொட்டு விழவில்லையா, இல்லாவிட்டால் துளி வைத்த இடம் பளிங்காய்த் தெளிந்துவிட்டு, ஐதாக்கிப் போட்டால் ஒளித்துக்கொள்கிறதா? மூன்றும் மூன்று நோய். ஒன்றுக்கு உள்ள மருந்தை மற்றதுக்குக் கொடுத்து ஒரு கிழமையை வீணாக்கியவர்கள் எங்கள் மேசையில் நிறையப் பேர். நானும் அதில் ஒருத்தி.

புதிதாக வருபவர்களுக்காக இரண்டு வரி. பேஜ் என்பது பற்றீரியாவைத் தாக்கும் வைரசு. கீழே 1.5 சதவீத ஏகார் (பற்றீரியா வளர்க்கும் ஜெலி), அதற்கு மேல் ஏறத்தாழ 0.5 சதவீத இளகிய ஏகாரில் ஈ. கோலை என்ற பற்றீரியாவும் பேஜும் கலந்து ஊற்றி, 37 பாகையில் ஓர் இரவு வைத்தால் பற்றீரியா புல்வெளி மாதிரிப் படரும். பேஜ் விழுந்து பெருகிய இடம் மட்டும் தெளிந்து ஒரு வட்டமாய் நிற்கும். புத்தகத்தில் அது பிளாக். நாங்கள் பொட்டு என்போம்.

அந்தப் பொட்டுக்குள் நடப்பது பற்றீரியாக் கலத்தின் மெல்லிய உறையான மென்சவ்வில் ஓட்டை போடும் வேலை. ஆனால் ஓட்டை போடுகிறவர் ஒருவர் அல்லர். குட்டிகளோடு வெளியே வர பேஜ் தானே ஓட்டை போடும். பேஜ் குட்டி போடுவதற்கு முன் செத்துவிட வேண்டும் என்று பற்றீரியாவே தன் மென்சவ்வில் ஓட்டை போட்டுக்கொள்ளும்; அக்கம்பக்கத்தார் தப்புவார்கள். மூன்றாவது, பக்கத்துப் பற்றீரியா எறிந்த ஆயுதம் வந்து போடும் ஓட்டை. கண்ணுக்கு எல்லாம் “தெளிவு” என்றுதான் தெரியும். பிழை பிடிப்பதென்றால், ஓட்டையைப் போட்டது யார், எத்தனையாவது நிமிடத்தில் என்று பிடிப்பதுதான்.

ஒரு நிபந்தனை. தெரிந்த பேஜ் ஒன்றும் (எங்களுக்கு ரீ4) அதற்கு ஒத்துவரும் ஈ. கோலையும் போட்ட ஒரு தட்டு எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும். அது இல்லாமல் என்னிடம் வந்தால் நான் தட்டையே பார்ப்பதில்லை.

பொட்டும் இல்லை, புல்லும் இல்லை

இது உயிரியல் இல்லை, சமையல். இளகிய ஏகார் கொதிக்கக் கொதிக்க ஊற்றியிருப்பீர்கள். 45 முதல் 50 பாகைக்குள் இருக்க வேண்டும். குழாயை மணிக்கட்டின் உட்பக்கம் வைத்துச் சூடு தாங்கிக்கொள்ள முடிந்தால் ஊற்றலாம். மின்சாரம் போய் வந்த நாளில் நீர்த்தொட்டியின் வெப்பமானியை நம்பாதீர்கள். இன்னொரு காரணம், பற்றீரியா வளராமல் இருக்கப் பேஜ் குழாயில் விட்டு அடியில் கிடந்த குளோரோபோமையும் பிப்பெற் உறிஞ்சி எடுத்திருப்பது. மேலே நிற்கும் நீரை மட்டும் எடுங்கள். பொலிஸ்ரைரீன் தட்டில் குளோரோபோம் பட்டால் பிளாஸ்ரிக்கே வெளிறிப் போகும். அதைப் பார்த்து ஏதோ விளைவு வந்ததென்று குறித்தவர்களும் உண்டு.

பொட்டு இருக்கிறது, வழிந்து கிடக்கிறது

மாரிக் காலத்து நோய். மார்கழியில் எங்கள் பக்கம் தட்டு காய்வதே இல்லை. மூடியில் பிடித்த நீர் சொட்டி, பொட்டெல்லாம் வால்முளைத்த மாதிரி ஓடும். கீழ் ஏகாரை முதல்நாளே ஊற்றி, மூடியைச் சற்றுத் திறந்து சுடர் அருகே காயவிடுங்கள். இன்கியூபேற்றருக்குள் கவிழ்த்தே வையுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இதற்கு நேர்மாறு. தட்டு அளவுக்கு மீறிக் காய்ந்துவிடும், பேஜ் பரவ ஈரம் இராது, பொட்டு குண்டூசி முனையளவில் நிற்கும். பேஜ் பலவீனம் என்று எழுதிவிடாதீர்கள். அது காற்றின் குற்றம்.

புல் நல்லாய் இருக்கிறது, பொட்டு மட்டும் இல்லை

ரீ4 தட்டில் பொட்டு விழுந்திருந்தால் உங்கள் கை சரி. அடுத்துப் பார்க்க வேண்டியது பேஜ் கலத்தில் ஒட்டியதா என்பது. பல பேஜ்களுக்கு ஒட்டிக்கொள்ள மக்னீசியமோ கல்சியமோ வேண்டும். ஐதாக்கும் கரைசலில் அது இல்லாவிட்டால் பிடிமானம் இல்லை. குழாய்த் தண்ணீரில் ஐதாக்கினால் அதிலுள்ள குளோரின் பேஜைத் தின்றுவிடும். பற்றீரியா இரவு முழுக்க வளர்ந்து களைத்ததாக இருக்கக் கூடாது; ஒளியடர்த்தி (கலங்கலின் அளவு) 0.4 முதல் 0.6 வரை உள்ள துடிப்பான வளர்ப்பு வேண்டும். லம்டா பேஜ் என்றால் ஊடகத்தில் குளுக்கோசுக்குப் பதில் மோல்ற்ரோசு போடுங்கள். அது ஒட்டும் ஏற்பி, மோல்ற்ரோசை உள்ளே எடுக்கும் வாசலேதான். குளுக்கோசு இருந்தால் அந்த வாசல் குறைவாகத்தான் கட்டப்படும்.

வாவித் தண்ணீரில் பேஜ் தேடுகிறவர்களுக்கு ஒரு சொல். ஈ. கோலையின் பேஜ் ஈ. கோலை உள்ள இடத்தில்தான் இருக்கும். முகத்துவாரத்தில் உப்புத் தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்து “இல்லை” என்பதில் பயன் இல்லை. ஊர் வடிகால் வாவியில் விழும் இடத்தில் அள்ளுங்கள். கையுறை போட்டு அள்ளுங்கள். போத்தலை மோட்டார்சைக்கிள் இருக்கைக்கடியில் வெயிலில் வேகவைத்துக்கொண்டு வராதீர்கள்.

இவ்வளவும் சரி, இன்னும் பொட்டு இல்லை என்றால் இரண்டே கேள்விகள். கலம் உயிரோடு இருக்கிறதா? புதுப் பேஜ் வந்ததா? கலம் செத்து, பேஜ் வந்தால் வழமையான தொற்று. கலம் உயிரோடு, பேஜ் இல்லை என்றால் ஒட்டவே இல்லை, அல்லது உள்ளே போன டிஎன்ஏயைக் கலத்தின் வெட்டு நொதியங்கள் நறுக்கிவிட்டன. கலமும் உயிரோடு, பேஜும் வருகிறது என்றால் எம்13 மாதிரிக் கொல்லாமல் கசிந்து வெளியேறும் இழைப் பேஜ். அதன் பொட்டு மங்கலாய்த்தான் இருக்கும். கலம் செத்துவிட்டது, பேஜும் வரவில்லை என்றால் கீழே வாசியுங்கள். கதை அங்கேதான் இருக்கிறது.

துளி வைத்த இடம் கண்ணாடி, ஐதாக்கினால் ஒன்றுமில்லை

ஒரு தங்கச்சி வாவிக்கரை வடிகாலில் எடுத்த ஈ. கோலை ஒன்றை வளர்த்து, வடித்து, அந்தத் திரவத்தில் ஒரு துளியைப் புல்வெளியில் வைத்தாள். மறுநாள் துளி விழுந்த இடம் அச்சொட்டாய்த் தெளிந்து கிடந்தது. அவள் குழாயில் “வாவி 1” என்று பெயரும் எழுதிவிட்டாள்.

பத்துப் பத்து மடங்காய் ஐதாக்கி எட்டுத் துளிகள் வைக்கச் சொன்னேன். அடுத்த நாள் இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். முதலாவது கண்ணாடி. இரண்டாவதும் கண்ணாடி. மூன்றாவது எண்ணெய்த்தாள் மாதிரி. நாலாவது, கண்ணாடியில் மூச்சு விட்டால் படியுமே அந்த மாதிரி ஒரு மங்கல். ஐந்தாவதில் வெறும் புல்.

“மங்குதா, உடையுதா?” என்று கேட்டேன்.

“மங்குது மிஸ்.”

மங்கினால் அங்கே பெருகும் பேஜ் இல்லை. பேஜ் ஐதாகும்போது தெளிவு உடைந்து தனித்தனிப் பொட்டுகளாகும். ஒரு பேஜ் இருந்தாலும் அது பெருகி ஒரு பொட்டு வைக்கும். பெருகத் தெரியாத பொருள்தான் இப்படிச் சீராய் மங்கும். திரவத்தில் கொஞ்சம் ரிப்சின் நொதியம் விட்டு வைத்து மறுபடி துளி வைத்தோம். தெளிவே இல்லை. ரிப்சின் பெரும்பாலான பேஜ்களை ஒன்றும் செய்வதில்லை. வெறும் புரதத்தை அரைத்துவிடும். “வாவி 1” ஒரு கொலிசின். அவள் இரண்டு நாள் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

கொலிசினை முதலில் கண்டவர் பெல்ஜியத்து அந்திரே கிராசியா, 1925 இல். ஈ. கோலை தன் சொந்தக்காரரைக் கொல்லச் செய்யும் புரதம் அது. சில கொலிசின்கள் டிஎன்ஏயை வெட்டும். ஏ, ஈ1, ஐஏ, என் போன்றவை எதிரியின் உள்மென்சவ்வில் துளை போடும். துளை சிறியது, அயன் மட்டும் போகும். ஆனால் செக்கனுக்குப் பத்து இலட்சத்துக்கு மேல் போகும். மென்சவ்வின் இருபுறமும் கலம் பாடுபட்டுச் சேர்த்த மின்னழுத்தம் இறங்கிவிடும், பொட்டாசியம் வடிந்துவிடும். செய்கிற கலத்துக்குத் தன் கொலிசினிலிருந்து தப்ப ஒரு காப்புப் புரதம் உண்டு. ஆனால் அதை வெளியே விட ஈ1 போன்றவற்றில் அந்தக் கலமே உடைந்து சாக வேண்டும். வீட்டைக் கொளுத்தி வெளிச்சம் காட்டுகிற கதை.

இதே அறிகுறிக்கு இன்னும் இரண்டு பேர் சந்தேகத்தில் உண்டு. ஒன்று வெளியிலிருந்து உடைப்பது. ரீ4 போன்றவை ஒரே கலத்தில் கூட்டமாய் ஒட்டினால், அத்தனை ஊசிக் குத்தையும் சுவர் தாங்காது. உள்ளே குட்டி உருவாகும் முன்பே கலம் வெடித்துவிடும். மக்ஸ் டெல்புருக் 1940 இலேயே இதை வேறுபிரித்துக் காட்டினார். மற்றது, கலம் தானே செத்துக்கொள்வது. பேஜ் திரளாய் விழுந்தால் எல்லாக் கலமும் செத்துத் துளி தெளியும். ஐதாக்கினால் அங்கொன்றும் இங்கொன்றுமாய்ச் செத்த கலங்கள் புல்லுக்குள் மறைந்துவிடும். பேஜ் பரவாததால் பொட்டு வராது. இந்த இரண்டையும் தட்டில் பிரிக்க முடியாது. குடுவைக்குப் போக வேண்டும்.

குடுவையில்: நிமிடத்தைக் குறியுங்கள்

ஒரே வளர்ப்பை மூன்று குடுவையாகப் பிரியுங்கள். ஒன்றில் பேஜ் இல்லை. ஒன்றில் இருபது கலத்துக்கு ஒரு பேஜ். ஒன்றில் கலத்துக்கு ஐந்து பேஜ். இந்தக் கணக்கில் நூற்றுக்கு ஒரு கலம்கூடத் தப்பாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் ஒளியடர்த்தி பாருங்கள். கலங்கல்மானி இல்லாவிட்டால் பத்திரிகை எழுத்தைக் குழாய்க்குப் பின்னால் பிடித்தாவது பாருங்கள்.

பத்து நிமிடத்துக்குள் கலங்கல் சரிந்தால் வெளியிலிருந்து உடைத்தது. 37 பாகையில் ரீ4 தன் வேலையை முடித்து வெளியேற ஏறத்தாழ 25 நிமிடம் எடுக்கும். அதைச் சுற்றிச் சரிந்தால் வழமையான உடைப்பு. நிறையப் பேஜ் விட்ட குடுவை படுத்து, கொஞ்சம் விட்ட குடுவை ஒன்றுமே நடவாத மாதிரி வளர்ந்துகொண்டே போனால், கலம் தற்கொலை செய்துகொள்கிறது. தொற்றியவை மட்டும் செத்தன, பேஜ் வெளியே வரவில்லை, மற்றவை பிழைத்தன. தப்பித்துப் பிழைக்கும் காப்பு என்றால் இரண்டு குடுவையுமே வளர்ந்திருக்கும்.

இங்கே ஒரு பொறி. “படுத்தது” என்றால் கலங்கல் தெளிய வேண்டும் என்று இல்லை. அயன் மட்டும் போகும் துளை விழுந்த கலம் உடையாது, பிணமாய் மிதக்கும். கலங்கல் நேர்கோடாய் நிற்கும். மாணவர்கள் அதைப் பார்த்து “எதிர்ப்புச் சக்தி, உயிரோடு இருக்கு” என்று எழுதுவார்கள். ஒளியடர்த்தி உயிரை அளப்பதில்லை, உடலை அளக்கிறது. ஒரு துளி எடுத்து ஐதாக்கித் தட்டில் பரப்பிக் கொலனி (ஓர் உயிர்க் கலம் பெருகி வைக்கும் புள்ளி) எண்ணினால்தான் உயிர் தெரியும்.

கலங்கல் இறங்கவில்லை, குளோரோபோம் விட்டால் இறங்குகிறது

இது எனக்குப் பிடித்த அறிகுறி. பேஜ் உள்ளே குட்டி போட்டுவிட்டது, கதவைத் திறக்கத் தெரியாமல் நிற்கிறது என்று அர்த்தம். 20 நிமிடத்திலும் 40 நிமிடத்திலும் கொஞ்சம் எடுத்து, கண்ணாடிக் குழாயில் இரண்டு துளி குளோரோபோம் விட்டுக் குலுக்கி, மேல்நீரிலுள்ள பேஜை எண்ணுங்கள். தொற்றாத வளர்ப்புக்கும் அதையே செய்து ஒப்பிடுங்கள். கொழுப்பு உறை உள்ள பேஜ்களைக் குளோரோபோம் கொன்றுவிடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

காரணம் ஹோலின் என்ற புரதம். பேஜ் செய்யும் இந்தப் புரதம் உள்மென்சவ்வில் சத்தமில்லாமல் சேர்ந்துகொண்டே போய், குறித்த நேரத்தில் ஒரேயடியாய் ஓட்டையாகும். லம்டாவின் ஓட்டைகள் சராசரி 340 நனோமீற்றர் அகலம்; சில ஒரு மைக்ரோமீற்றரையும் தாண்டும். ஈ. கோலையே இரண்டு மைக்ரோமீற்றர் நீளந்தான், யோசித்துப் பாருங்கள். அந்த ஓட்டையால் எண்டோலைசின் நொதியம் வெளியே வந்து கலச்சுவரைக் கரைக்கும். ஹோலின் கெட்டால் நொதியம் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். குளோரோபோம் மென்சவ்வைக் குலைக்கும்போது அது பாய்ந்து வந்து நிமிடங்களில் தெளிய வைக்கும்.

லம்டா நேரத்தை வைத்துக்கொள்ளும் விதம் அழகு. ஒரே மரபணு இரண்டு புரதம் செய்யும்: 105 அமினோ அமிலம் உள்ளது துளை போடும், முன்னால் இரண்டு அமினோ அமிலம் கூடிய 107 அதைத் தடுக்கும். இரண்டின் இழுபறியில் 50 நிமிடமளவில் கலம் உடையும். மென்சவ்வின் மின்னழுத்தத்தை சயனைட்டால் இறக்கினால் ஹோலின் நேரத்துக்கு முன்பே திறந்துவிடும். (எங்கள் மேசையில் சயனைட் இல்லை, கேட்கவும் வேண்டாம்.)

ஹோலின் கெடாமலும் இந்த அறிகுறி வரலாம். ரீ4 தொற்றிய கலத்தில் இன்னொரு ரீ4 வந்து குத்தினால், முதல் பேஜ் ஹோலினைப் பூட்டிவிட்டு மணிக்கணக்கில் உள்ளேயே குட்டி பெருக்கும். வெளியே ஆள் நெருக்கம், இரையில்லை என்ற கணக்கு. கலத்துக்கு ஐந்து பேஜ் விட்ட குடுவையில் இது சாதாரணம். பேஜின் குற்றமாக எழுதாதீர்கள்.

கலங்கலும் இறங்கவில்லை, குளோரோபோமுக்கும் பேஜ் வரவில்லை, கொலனியும் இல்லை

இப்போது கை வைத்தது பற்றீரியா. வெளியிலிருந்து பிடித்த காட்டு ஈ. கோலையில் இதைக் கூடுதலாய்ச் சந்தேகிக்க வேண்டும். ஆய்வுகூடத்தில் பழக்கிய ஸ்ட்ரெயின்களில் (ஈ. கோலை வகைகளில்) இல்லாத பல காவல் முறைகளை அவை சுமந்து திரியும்.

மனிதக் கலம் தொற்றின்போது தானே வெடித்துச் சாகப் பயன்படுத்தும் கஸ்டெர்மின் புரதத்தின் வேலை 2015 இல் தெளிவானது. அதே குடும்பம் பற்றீரியாவிலும் இருக்கிறது என்று 2022 இல் காட்டினார்கள். வேலை செய்யும் விதம் கிட்டத்தட்ட ஒன்றே. புரதத்தின் வால்நுனியில் ஒரு சின்னப் பூட்டு. தொற்று வந்ததும் பக்கத்து மரபணுவின் புரதம் வெட்டும் நொதியம் அந்த வாலை நறுக்கும். பூட்டுக் கழன்ற புரதங்கள் மென்சவ்வில் வளையமாய்க் கூடித் துளையாகும். மனிதத் துளையில் 33 துண்டுகள் வட்டம் கட்டும். 2024 இல் கட்டமைப்புத் தெரிந்த பற்றீரியாத் துளையில் 52. பழைய ஆயுதம், இரண்டு பேரும் கைவிடவில்லை.

ரெட்ரோன் என்ற காவல் முறைகளில் ஒன்று இன்னும் தந்திரமானது. டிஎன்ஏ திருத்தும் ஒரு நொதியத்தை அது காவல் காக்கும். பேஜ் வந்து அந்த நொதியத்தை முடக்கினால், முடக்கியதே எச்சரிக்கை மணி. உடனே மென்சவ்வில் கை வைத்துக் கலத்தைக் கொல்லும். பேஜ் தன் தற்காப்பைக் காட்டிக்கொண்டதால் மாட்டிக்கொள்கிறது.

ஒளிர்வு நுணுக்குக்காட்டி கிடைத்தால் புரொபிடியம் அயடைட் சாயம் விட்டுப் பாருங்கள். முழு மென்சவ்வுக்குள் அது போகாது; பெரிய துளை விழுந்த கலம் சிவப்பாய் எரியும். கஸ்டெர்மின் துளை என்றால் எரியும். கொலிசின் மாதிரிச் சின்ன அயன் துளையால் சாயம் நுழையாது, அதனால் எரியாததை “துளை இல்லை” என்று வாசிக்கக் கூடாது. டிஎன்ஏயில் ஒட்டும் சாயம், வெறுங்கையால் தொடாதீர்கள்.

போன மாதம் விழுந்த பொட்டு இந்த மாதம் விழவில்லை

குளிரூட்டியில் ஸ்ட்ரெயின் மாறிப் போயிருக்கலாம். கே-12 (ஆய்வுகூட ஈ. கோலை) என்று எழுதியிருந்தாலும் உள்ளே லம்டா தூங்குகிறதா, அதாவது கொல்லாமல் கலத்தின் டிஎன்ஏக்குள் ஒளிந்திருக்கிறதா இல்லையா என்பது பெரிய வேறுபாடு. ஆதிக் கே-12 இல் லம்டா இருந்தது. அதைக் கண்டு 1951 இல் எழுதியவர் எஸ்தர் லெடர்பேர்க். 1955 இல் சீமோர் பென்சர், ரீ4 இன் ஒருவகை விகாரி (மரபணு மாறிய பேஜ்) லம்டா தூங்கும் கே-12 இல் வளரவே வளராது என்பதை வைத்து ஒரு மரபணுவையே உள்ளுக்குள் அளந்து காட்டினார். தடுப்பது லம்டாவின் ரெக்ஸ் என்ற இரட்டைப் புரதம். ஒன்று அந்நியப் பேஜின் நடமாட்டத்தை உணர, மற்றது உள்மென்சவ்வில் அயன் வழியாகத் திறந்து கலத்தைச் சோரவைக்கிறது என்பதே வழக்கில் உள்ள விளக்கம். சாதாரண ரீ4 இதைத் தாண்டிவிடும். ஆகவே உங்கள் ரீ4 விழுந்து, விகாரி மட்டும் விழாவிட்டால் விகாரியைத் தூக்கி எறியாதீர்கள். லம்டா இல்லாத ஸ்ட்ரெயினில் இன்னொருதரம் போடுங்கள்.

பொட்டின் நடுவே கொலனி முளைக்கிறது

அழுக்கு விழுந்தது என்று நினைத்துத் தட்டை எறியாதீர்கள். எல்லாப் பொட்டின் நடுவிலும் மங்கலாய்ப் புல் இருந்தால் பேஜைத் தூங்கவைத்துப் பிழைத்த கலங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாய்த் தடித்த கொலனி என்றால் ஏற்பியை மாற்றிக்கொண்ட விகாரி; அது பேஜைக் கண்ட பிறகு மாறியதல்ல, முன்பே இருந்தது என்று லூரியாவும் டெல்புருக்கும் 1943 இல் கணக்கால் காட்டினார்கள். கம்பியால் தொட்டு எடுத்து மூன்றுமுறை கோடிழுத்துத் தனியாக்குங்கள். ஒட்டியிருக்கும் பேஜ் அப்போதுதான் போகும். பிறகு அதில் புல் விரித்துப் பழைய பேஜில் ஒரு துளி, இன்னொரு வகைப் பேஜில் ஒரு துளி வையுங்கள். தட்டின் அடியில் தேதி எழுதுங்கள். மூடியில் எழுதினால் மூடி மாறிப்போகும்.